ரைட்டர் ஊடு எதுங்க?

போன மாதம் ஒரு இளம் அதிகாரி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பயிற்சியில் இருக்கும் புது எஸ்.ஐ.க்களுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். தலைப்பை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்: 'பயங்கரவாதத்தின் தன்மையும் நோக்கங்களும்'. கூடவே ஒரு படிவம். கம்ப்யூட்டரில் ஏற்ற வசதியாக இப்போது எல்லாவற்றையும் கட்டம் கட்டி வைத்துவிட்டார்கள். 'குற்றத்தின் நோக்கம்' என்பதற்குக் கீழே வரிசையாகக் கொள்கை, மதம், மொழி, பணம், பழிவாங்குதல், மற்றவை. பொருத்தமான கட்டத்தில் டிக் அடித்தால் வேலை முடிந்தது.

"உங்க அனுபவத்துல எது அதிகம்னு சொல்லுங்க சார். அதை வெச்சே கிளாஸ் எடுத்துரலாம்" என்றார். நல்ல பிள்ளை. காபி குடித்த டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவுகிற இடத்தில் வைத்தார். முழங்கால் வலி, வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வலி உண்மைதான். ஆனால் போகாததற்குக் காரணம் அது இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு நெருங்கித் தெரிந்தது ஒரே ஒரு வழக்கு. அந்த வழக்கில் குற்றத்தின் நோக்கம் என்ன என்று எழுதியவன் நான். பொய்யாக எழுதினேன். அதை ஒரு மணி நேர வகுப்பில் சொல்ல முடியாது என்றுதான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சேலம் பக்கத்துக்காரன். அறுபதுகளின் தொடக்கத்தில் போலீஸில் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடினோம், விழுந்தோம், மறுபடி ஓடினோம். துப்பாக்கி எனக்குக் கைவரவில்லை, கையெழுத்து வந்தது. முத்து முத்தாக எழுதுகிறான் என்று யாராவது ஒரு அதிகாரி சொல்லிவிட்டால் போலீஸில் அவன் கதை முடிந்தது. ஆயுள் முழுக்க நாற்காலிதான். சேர்வராயன் மலை மேல் ஒரு ஸ்டேஷனில் என்னை ரைட்டர் வேலையில் உட்கார வைத்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை.

ஸ்டேஷனில் எழுத்து வேலையைப் பார்க்கிற ஏட்டுக்கு ரைட்டர் என்று பெயர். புகார், வாக்குமூலம், கோர்ட்டுக்குப் போகும் கேஸ் கட்டு எல்லாம் அவன் கையால்தான் நடக்கும். ஆனால் ஏற்காட்டு மலையில் ரைட்டர் என்றால் அது வேறு ஆள். காபி எஸ்டேட்டில் காலையில் ஆள் எடுத்து, செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவில் வந்தவர் வராதவரைக் குறித்து, யார் எந்தக் காட்டில் பழம் எடுப்பது என்று பிரித்து அனுப்புகிறவர்தான் அங்கே ரைட்டர். ஜனங்களுக்கு நான் 'ஏட்டய்யா'. ஸ்டேஷன் சுவருக்குள் மட்டும் ரைட்டர். வாசலைத் தாண்டினால் அந்தப் பெயர் எஸ்டேட்காரருடையது. இந்த வித்தியாசம் ஒரு உயிரைக் கொண்டுபோகும் என்று அப்போது யார் கண்டது.

வாக்குமூலம் எழுதுவது ஒரு தனி வித்தை. எதிரில் நிற்கிறவர் பேசுவது ஒன்று, தாளில் ஏறுவது வேறொன்று. "நேத்து மாட்டைப் புடிச்சாரப் போனனுங்க" என்று அவர் சொல்வார். "நான் மேற்படி முகவரியில் குடியிருந்து விவசாயக் கூலி வேலை செய்து வருகிறேன். நேற்று மாலை சுமார் ஐந்து மணியளவில்" என்று நான் எழுதுவேன். மணியை அவர் சொல்லவில்லை. அவர் வீட்டில் கடிகாரமே இருக்காது. 'சுமார்' போட்டுவிட்டால் எந்த மணியையும் எழுதலாம். அந்தத் தமிழை மலையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கொலை செய்தவனும் கோழி பறிகொடுத்தவளும் என் பேனாவில் ஒரே மாதிரி பேசினார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

எனக்கு வாய்த்த இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். கை நீட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். நான் எழுதும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டே வருவார். பிடிக்காத வரி வந்தால் நாக்கை ஒரு தரம் 'ச்சு' என்பார். அவ்வளவுதான், அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நான் புதுத் தாள் எடுப்பேன். அடித்துத் திருத்திய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்பது அவர் கட்டளை. அதனால் என் தாள்களில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. "கோர்ட்டுல கதை கேக்க மாட்டாங்கய்யா. நேரா விஷயத்துக்கு வா" என்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மூத்த பெண்ணுக்கு டைபாய்டு வந்தபோது தன் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கியவர் அவர்.

எழுபதுகளின் கடைசியில் செம்மநத்தம் பக்கம் சந்தன மரம் வெட்டிக் கடத்திய வழக்கு ஒன்று வந்தது. வெட்டியவர்கள் கீழேயிருந்து லாரியோடு வந்தவர்கள். வேலையை முடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். மேலிடத்திலிருந்து தினமும் போன் வந்தது. யாராவது ஒருவன் சிக்க வேண்டும். வெள்ளையன் என்ற மலை விவசாயியைக் கூட்டிவந்தார்கள். முப்பது வயதிருக்கும். சாமையும் ராகியும் விதைத்து, நாலு பலா மரத்தை நம்பிப் பிழைக்கிறவன். என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னான்.

"லாரிக்காரங்க மேட்டுக் காட்டுக்கு வழி எதுன்னு கேட்டாங்க. காட்டுனனுங்க. வழி கேட்டா காட்டாம எப்படீங்க இருக்கறது?"

அப்படியே எழுத ஆரம்பித்தேன். பின்னாலிருந்து 'ச்சு' என்று சத்தம் வந்தது. புதுத் தாள் எடுத்தேன். "மேற்படி நபர்களுக்கு நான் உடந்தையாக இருந்து, சந்தன மரங்கள் உள்ள இடத்துக்கு வழிகாட்டியாகச் சென்று" என்று வந்தது. "என்னை அழைத்துச் சென்றால் மீதிக் கட்டைகளை மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டுகிறேன்" என்ற வரியும் சேர்ந்தது. கோர்ட்டில் எடுபடுவது அந்த வரிதான். கட்டைகள் எங்கே கிடந்தன என்பது எங்களுக்கு முன்பே தெரியும். வெள்ளையன் ஒருவனுக்குத்தான் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். அவன் தலையைத் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைவிரலை வைத்தான்.

தண்டனை ஆனது. ஜெயிலில் இருந்து இருமலோடு வந்தான். வந்து ஆறு மாதத்தில் செத்துப்போனான்.

அவனுக்கு ஒரு தம்பி உண்டு, சடையப்பன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன். சேலத்தில் ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலையில் இருந்தான். அண்ணன் காரியம் முடிந்த மறு வாரம் ஸ்டேஷனுக்கு வந்தான். கையில் அண்ணனுக்குக் கோர்ட்டில் கொடுத்த கேஸ் கட்டின் நகல் இருந்தது.

"ஏனுங்க, ரைட்டருங்கறது நீங்கதானுங்களா? இதை எழுதுனது நீங்களா?"

"ஆமா கண்ணு, சொல்லு."

"எங்கண்ணன் சொன்னதா எழுதியிருக்குதுங்க. அவனுக்கு 'மேற்படி'ன்னா என்னன்னே தெரியாதுங்க. 'உடந்தை'ன்னு ஒரு வார்த்தைய எங்க ஊட்டுல ஆரும் சொல்லிக் கேட்டதில்லீங்க. நான் சண்டைக்கு வரலீங்க. அன்னிக்கு அவன் என்ன சொன்னான்னு மட்டும் சொல்லுங்க. அது போதுமுங்க எனக்கு."

வெள்ளையன் சொன்ன அந்த மூன்று வரி எனக்கு மனப்பாடம். சொல்லியிருக்கலாம். உள்ளறையில் இன்ஸ்பெக்டர் இருந்தார். நான் குரலை இறக்கி, "கோர்ட்டுல தீர்ப்பே ஆயிருச்சு சாமி. நான் எழுதற ஆளு, அவ்வளவுதான். டீ குடிக்கறயா?" என்றேன். அவன் நகலை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

அந்த மூன்று வரியைச் சொல்லியிருந்தால் அவன் வேறு பக்கம் போயிருப்பானா? எத்தனையோ நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன். போயிருப்பான் என்று சொன்னால், எல்லாம் என் கையில் இருந்தது போல எனக்கு நானே முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வதாகும். அண்ணனைப் பறிகொடுத்த எல்லோரும் ஆளைக் கொல்லக் கிளம்புவதில்லை. ஆனால் நான் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்தச் சமயத்தில் அடிவாரத்திலும் பக்கத்து மலைகளிலும் ஒரு தீவிரவாதக் குழு நடமாட ஆரம்பித்திருந்தது. அவர்களுக்குக் கொள்கை இருந்தது, நோட்டீஸ் இருந்தது. நோட்டீசுக்கு எழுத்துக் கோர்க்கத் தெரிந்த ஆளும் தேவைப்பட்டது. சடையப்பன் அச்சாபீஸ் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான் என்று முதலில் கேள்விப்பட்டேன். பிறகு ஊருக்கே வருவதில்லை என்றார்கள்.

இரண்டு வருடம் போயிற்று. காபிப் பழம் எடுக்கிற பருவத்தில் ஒரு நாள் காலை, வாழவந்தி ரோட்டில் பஸ்ஸை விட்டு இரண்டு பேர் துணிப்பையோடு இறங்கினார்கள். மலைக்குப் புதிய முகங்கள். டீக்கடைக்காரரிடம் "ரைட்டர் ஊடு எதுங்க?" என்று கேட்டார்கள். அவர் கை நீட்டிக் காட்டினார்.

அது எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியசாமியின் வீடு. அவர் ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டுச் சாப்பிட வந்துகொண்டிருந்தார். வாசற்படியில் துணிப்பை ஒன்று இருந்தது. ஆரஞ்சு பழுக்கிற நாட்களில் வேலையாட்கள் யாராவது நாலு பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். "ஆரோ ஆரஞ்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க புஷ்பம்" என்று உள்ளே இருந்த மனைவியிடம் சொன்னாராம். சொல்லிக்கொண்டே பையைத் தூக்கினார்.

நான் போனபோது புகை அடங்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த அவருடைய மகளை யாரோ மஞ்சக்குட்டையில் உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிரேத விசாரணை அறிக்கை எழுதினேன். என்ன பார்த்தேன் என்பதை அதில் எழுதிவிட்டேன். இன்னொரு தரம் எழுத மாட்டேன். பிறகு டீக்கடைக்காரரை விசாரித்தோம். அவர் சொன்னார்.

"ரைட்டர் ஊடு எதுன்னு கேட்டாங்க. காட்டுனனுங்க. வழி கேட்டா..."

என் பேனா நின்றுவிட்டது. அவர் முடிப்பதற்குள் "போதுங்க" என்றேன். 'விவரம் அறியாமல் காட்டினேன்' என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் 'ச்சு' என்றார். அன்று மட்டும் நான் தாளைக் கிழிக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் பஸ் நிற்கும் இடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தொழிலாளர் பெயர்களைச் செக்ரோலில் வெட்டிய முதலாளியின் கைக்கூலிக்கு மக்கள் கொடுத்த தண்டனையாம். ஆரோக்கியசாமியை எனக்குத் தெரியும். ஆள் வராத நாளிலும் வந்ததாகக் குறித்துவிட்டு நிர்வாகத்திடம் திட்டு வாங்குகிற மனுஷன். சாவுக்கு முந்நூறு பேர் அழுதுகொண்டு வந்தார்கள். அதே ஜனங்கள் நோட்டீசைப் படித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்கள். "ஒண்ணுமில்லாமயா கொல்லுவாங்க?" என்றார் ஒருவர். "எனக்குங்கூட ஒரு நா பேர் போடலீங்க" என்றாள் ஒருத்தி. அவள் பொய் சொல்லவில்லை. என்றைக்கோ ஒரு நாள் விட்டுப்போயிருக்கும். காரணமில்லாமல் ஒரு நல்லவர் சாகலாம் என்றால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் சாகலாம். அந்தப் பயத்தைத் தாங்குவதைவிடச் செத்தவர் மேல் ஒரு தப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். வெடித்தது ஒரு வீட்டு வாசலில். ஆனால் ஊர் முழுக்க அந்த நோட்டீசைத் தங்கள் வாயாலேயே மெய்யாக்கிக் கொடுத்தார்கள். ஆரோக்கியசாமியின் மனைவி இருந்த வீட்டுப் பக்கம் போவதையே பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆறு மாதம் கழித்துச் சடையப்பன் சமவெளியில் ஒரு கிணற்று மோட்டார் கொட்டகையில் பிடிபட்டான். விசாரணைக்காக எங்களிடம் கொண்டுவந்தார்கள். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் என்னையே உட்காரச் சொன்னார். பேடும் தாளும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"நீங்க இருக்கறீங்களா?" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரைட்டர் முடிஞ்சாச்சுன்னு சொன்னாங்களே. அப்பச் செத்தது ஆருங்க?"

"எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியசாமி" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவனாகவே பேசினான். மலையில் அவன் முகம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் வெளியூர் ஆட்கள் இரண்டு பேரை அனுப்பினார்களாம். அவன் சொல்லி அனுப்பியது ஒரே வார்த்தை. "ரைட்டர் ஊட்டு வாசல்லன்னு சொன்னனுங்க."

"மலையில பொறந்த உனக்குத் தெரியாதா கண்ணு? ரைட்டர்னா இங்க எஸ்டேட்காரர்தானே? என்னை ஏட்டய்யான்னு சொல்லியிருந்தா..." என்றேன். எவ்வளவு கேவலமான கேள்வி. வெடியை என் வீட்டுக்குச் சரியாக அனுப்பத் தெரியவில்லையே என்று அவனைக் கண்டித்துக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குத்தானுங்க அவரு ரைட்டர். எங்கண்ணன் ஜெயிலுக்குப் போன நாள்ல இருந்து எங்க ஊட்டுல ரைட்டர்னா நீங்க ஒருத்தர்தானுங்க. ஆத்தாளும் அப்படித்தான் சொல்லும். வேற ரைட்டர் இருக்கறாங்கன்னே எனக்கு மறந்துபோச்சுங்க" என்றான்.

பிறகு இன்னொன்று சொன்னான். சம்பவம் நடந்த மறு நாள் குழுவில் ஒரு பெரிய ஆள் வந்து, எஸ்டேட் ரைட்டர்கள் மலையில் என்னென்ன தப்பு செய்வார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டாராம். "சில பேரு செக்ரோல்ல பேரை வெட்டுவாங்கன்னு சொன்னனுங்க. எதுக்குக் கேக்கறாருன்னு தெரியலீங்க" என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆள் மாறிப்போனதை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவனிடம்கூடச் சொல்லவில்லை. செத்தவருக்கு ஏற்றபடி ஒரு குற்றத்தைத் தேடி எடுத்து, அவன் கண்ணில் படாமல் வேறு ஆளை வைத்து நோட்டீஸ் அடித்திருந்தார்கள். கொலை முதலில் நடந்தது. காரணம் அப்புறம் வந்தது.

"அவருக்குக் கொழந்தைங்க இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

"ஒரு பொண்ணு."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கிற்று. எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அந்த வாசற்படி ஞாபகம் வந்ததும் இரக்கம் போய்விட்டது. மறுபடி வந்தது. இன்றுவரைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அன்று அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதினேன். என் உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. அண்ணன், வழி, 'மேற்படி', ரைட்டர் எல்லாம் வந்தது. நாலு பக்கம். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தார். 'ச்சு' என்று சொல்லவில்லை. என்னை வெளியே கூப்பிட்டார்.

"இது உள்ள போச்சுன்னா சந்தனக் கேஸைத் தோண்டுவாங்கய்யா. நீ எழுதினது, நான் சொன்னது, எல்லாம் வெளிய வரும். உனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். பிறகு, "அது கிடக்கட்டும். ஒண்ணு கேளு. அவன் ஒரு நல்ல மனுஷனைக் கொன்னிருக்கான். அவனுக்கு இவ்வளவு நல்ல காரணத்தை நம்ம கையால எதுக்கு எழுதிக் குடுக்கணும்? காரணத்தைச் சொன்னா நியாயத்தைச் சொன்ன மாதிரி ஆயிரும்யா" என்றார்.

இந்த இரண்டாவது பேச்சுதான் என்னைச் சாய்த்தது. இன்றைக்கும் அதில் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். காரணம் வேறு, நியாயம் வேறு. ஆனால் கேட்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதி வெறும் பயம். அவருடையதும் என்னுடையதும்.

புதுத் தாள் எடுத்தேன். "நான் மேற்படி இயக்கத்தின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டு, எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியசாமி தொழிலாளர்களுக்கு விரோதமாக முதலாளியின் ஆளாகச் செயல்பட்டு வந்ததால் அவரைக் கொலை செய்யத் திட்டமிட்டு" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அது நோட்டீசில் இருந்த அதே வரி. கொன்றவர்களும் பிடித்தவர்களும் சேர்ந்து ஒரே பொய்யை அந்த மனுஷன் தலையில் வைத்திருந்தோம்.

சடையப்பன் அதை வாங்கி நிதானமாகப் படித்தான். எழுத்துக் கோர்த்தவன், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான். "எங்கண்ணன் பேசுன மாதிரியே நானும் பேசறனுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். கோர்ட்டிலும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் தரப்பில் வந்தவர்களுக்கும் கொள்கைக்காகச் செய்தான் என்பதுதான் வசதியாக இருந்தது. ஆயுள் தண்டனை விழுந்தது.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு நாள் ஆரோக்கியசாமியின் மனைவி புஷ்பம் ஸ்டேஷனுக்கு வந்தார். கணவருடைய கைக்கடிகாரத்தை வாங்கிப்போக வந்தவர், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றார்.

"ஏட்டய்யா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நோட்டீஸ்ல போட்டப்ப நான் நம்பலீங்க. இப்ப கேஸ்லயும் அப்படியேதான் எழுதியிருக்குதுன்னு வக்கீல் ஐயா படிச்சுச் சொன்னாருங்க. போலீஸே விசாரிச்சு எழுதியிருக்குதுன்னா, அவரு எனக்குத் தெரியாம ஏதாச்சும் தப்புப் பண்ணியிருப்பாருங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மலையில் மூன்று பேர். ஒருவன் ஜெயிலில். ஒருவர் உள்ளறையில். "கோர்ட்டு முடியட்டுங்கம்மா" என்றேன். அவர் கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். பதினைந்து வருஷம் புருஷனோடு வாழ்ந்த பெண்ணுக்கு அவர் மேலேயே சந்தேகம் வரும்படி செய்தது வெடிகுண்டு இல்லை, என் கையெழுத்து.

ஓய்வு பெற்ற பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடியும் நேரமாகப் பார்த்து மஞ்சக்குட்டைக்குப் போனேன். பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் அதற்குள் காலமாகிவிட்டார். அந்த அம்மா மகள் ஸ்டெல்லாவோடு சின்ன ஓட்டு வீட்டில் இருந்தார். மகள் டீச்சர் ஆகியிருந்தாள். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பை என் வீட்டுக்கு வர வேண்டியது என்பதை, ஏன் என்பதை, கேஸில் எழுதியது பொய் என்பதை. ஒரு தடவைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

"அப்ப அவரு ஒரு தப்பும் பண்ணலீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்கம்மா."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அழுது ஓய்ந்த பிறகு அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாயால சொன்னா எஸ்டேட் லயத்துல குடியிருக்கற சனம் நம்பாதுங்க. எழுதிக் குடுங்க" என்றார்.

மகளுடைய பள்ளிக்கூட நோட்டில் தாள் கிழித்துக் கொடுத்தார்கள். நான் எழுதினேன். மேற்படி, சுமார், உடந்தை எதுவும் வரவில்லை. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். என் பெயரையும் பதவியையும் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டெல்லா அதை உரக்கப் படித்தாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெள்ளையன் வருகிற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"செம்மநத்தத்துல அவனுங்க ஆத்தா இருந்தாளே. அவளுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"அந்தம்மா இல்லீங்க. தவறி நாலு வருசமாச்சு."

"மகன் வந்தானுங்களா?"

"வந்தான். காவலோட. கொள்ளி வெச்சதும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நீங்க போயிருந்தீங்களா?"

"அந்தக் காவலுக்கு உண்டான பேப்பரை எழுதுனது நாந்தானுங்க."

அந்த அம்மா தாளை மகள் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, பைபிளுக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் அழுகை இல்லை.

"நான் அவனை மன்னிச்சுட்டேன்னு எங்கயும் போயிச் சொல்லிராதீங்க. மன்னிக்கலீங்க. ஆனா மூத்தவன் தப்புப் பண்ணலைங்கற ஒரு வார்த்தைய அவ கேட்டுட்டுச் செத்திருக்கோணும். எனக்காச்சும் இன்னிக்குச் சொல்லீட்டீங்க. நீங்க மொதல்ல போயிருக்க வேண்டியது அவ ஊட்டுக்குங்க."

"ஆமாங்க" என்றேன்.